ரீல் விடாத தூண்டில்காரர்கள்

'ரீல் விடாதே' என்றால் பொய் சொல்லாதே என்று அர்த்தம். தூண்டில் போடுகிறவர்கள் இதில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர்கள். தப்பித்துப் போன மீன் எப்போதுமே கையில் கிடைத்த மீனைவிடப் பெரியதாகத்தான் இருக்கும்! ஆனால் ரீல் மாட்டிய தூண்டிலோடு காவிரிக் கரையில் உட்கார்ந்தவர்கள் எழுதி வைத்த கணக்கு, ஒரு மீன் இனம் அழியப் போகிறது என்பதை உலகத்துக்குச் சொன்னது. அந்தக் கதைதான் இது.

முதலில் புதுக்கோட்டை. இந்த மாவட்டத்து வெள்ளாற்றில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணல்தான் தெரியும். இங்கே மீன் என்றால் கண்மாய் மீன். கோடையில் தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுவட்டார ஜனங்கள் எல்லாம் ஊத்தா, கச்சா, வலையோடு தண்ணீருக்குள் பாய்வார்கள். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த கூடை. சேற்றில் அழுத்தி வைத்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டு விராலையோ கெளுத்தியையோ பிடிக்க வேண்டும். முழங்கால் தண்ணீரில் ரீலுக்கு என்ன வேலை?

ரீல் தேவைப்படுவது ஆழமும் வேகமும் உள்ள ஆற்றில், ஓடக்கூடிய பெரிய மீனுக்கு. கம்பின் நுனியில் நூலைக் கட்டினால் அந்த நீளம்தான் எல்லை. மீன் அதற்கு மேல் இழுத்தால் ஒன்று நூல் அறும், இல்லை கம்பு ஒடியும். சக்கரத்தில் நூலைச் சுற்றி வைத்தால் மீன் ஓடும்போது விடலாம், களைக்கும்போது சுற்றலாம். இந்த யோசனை பழசு. 1195 வாக்கில் சீன ஓவியர் மா யுவான் வரைந்ததாகச் சொல்லப்படும் படத்திலேயே ரீலோடு ஒருவர் படகில் உட்கார்ந்திருக்கிறார்.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாட்டிங்காம் ரீல் பிரபலம். மரச் சக்கரம், லேசாகச் சுழலும். இரையை வீசும்போது சக்கரமும் சேர்ந்து சுற்றும். கட்டை விரலால் சரியான நேரத்தில் நிறுத்தாவிட்டால் நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். 1884-இல் ஸ்காட்லாந்தின் மாலக் இதற்கு ஒரு வழி கண்டார். வீசும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால், அது சுற்றாமலே நூல் நழுவிப் போகும். ஆனால் நூல் முறுக்கேறிவிடும். 1905-இல் நெசவாலைத் தொழிலில் இருந்த இல்லிங்வொர்த், நூற்கண்டை அசையாமல் வைத்து ஒரு கை மட்டும் சுற்றிவரும் ரீலைக் கொண்டுவந்தார். இன்று கடைகளில் விற்கும் 'ஸ்பின்னிங் ரீல்' அதன் வாரிசு. புதிதாகப் பழகுகிறவருக்கு இதுதான் சுலபம். கனமான இரை, முரட்டு மீன் என்றால் இன்றும் பலர் பல்சக்கரம் வைத்த மல்டிப்ளையர் ரீலைத்தான் தேடுவார்கள். அதில் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உள்ளே பல சுற்று நூல் ஏறும்.

இந்தச் சாமான்கள் நம் பக்கம் வந்தது வெள்ளைக்கார அதிகாரிகளோடு. அவர்களில் முக்கியமானவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாண சிவில் சர்வீஸ்காரர், பக்கத்துத் தஞ்சாவூரில் கலெக்டராகவும் இருந்தவர். 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1887-இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொன்று. ஆனால் இவர்கள் எல்லோருக்கும் கனவு மீன் மஹ்சீர்தான். கெண்டை இனத்தின் ராட்சசன்! 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கென் பிடித்த மஹ்சீரின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த மீனை வெளியுலகம் ஏறக்குறைய மறந்தே போனது. 1970-களின் பிற்பகுதியில் மூன்று ஆங்கிலேயர்கள் காவிரிக்கு வந்து பெரிய மஹ்சீர்கள் இன்னும் இருப்பதைக் காட்டினார்கள். பிறகு கர்நாடகக் காட்டுப் பகுதியில் பீமேஸ்வரி, கலிபோர் போன்ற இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. பிடி, எடை போடு, போட்டோ எடு, திரும்ப ஆற்றில் விடு என்பது அங்கே விதி. சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று 2012-க்குள் அவை மூடப்பட்டன.

முகாம் போனது, நோட்டுப் புத்தகம் மிஞ்சியது. 1998 முதல் 2012 வரையிலான கலிபோர் முகாமின் பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் அலசி 2015-இல் வெளியிட்டார்கள். காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹ்சீர் வேகமாகக் குறைந்துகொண்டே வந்திருந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகியிருந்தது. இதில் பெரிய வேடிக்கை, நூறு வருடத்துக்கு மேல் ஆசைப்பட்டுப் பிடித்த கூன்முதுகு மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர்கூட அதுவரை இல்லை! 2018-இல்தான், மோயாற்றில் கிடைத்த மீன்களை வைத்து, அது 'டோர் ரெமாதேவி' என்று நிரூபித்தார்கள். அதே வருடம் மிக அருகிவிட்ட உயிரினங்களின் பட்டியலில் அது சேர்ந்தது.

இப்போது மறுபடி புதுக்கோட்டைக் கண்மாய்க்கு வருவோம். திருவிழாவில் விராலோடு ஜிலேபி மீனும் சிக்கும். ஜிலேபி ஆப்பிரிக்க மீன், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. காவிரியில் நீலத்துடுப்பு மஹ்சீருக்கு நடந்த மாதிரியே வெளியிலிருந்து வந்து நிலைத்த மீன். ஒரு கண்மாயில் வருடா வருடம் எத்தனை விரால், எத்தனை கெளுத்தி, எத்தனை ஜிலேபி? ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கூட்டத்தில் நாலு கல்லூரி மாணவர்கள் கரையில் நின்று எண்ணி எழுதினால் போதும். விலை உயர்ந்த ரீல் எதுவும் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும்தான். ஒரே நிபந்தனை: எழுதும்போது ரீல் விடக்கூடாது!