ஒரே சாயக் குடும்பம்: ஸ்மியரும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும்

வெள்ளணுக்களை இனம்பிரிக்க இரத்தவியல் ஆய்வகங்களில் இரண்டு முறைகள் அருகருகே வழக்கத்தில் இருக்கின்றன. ஸ்லைடில் இழுத்த இரத்தப் பூச்சுக்கு (ஸ்மியர்) லெய்ஷ்மன் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது ஒன்று. ஒளிர்சாயம் கோத்த எதிர்ப்பொருள்களைச் செல்களின்மேல் ஒட்டவைத்து, அவற்றை ஒவ்வொன்றாக லேசர்முன் ஓடவிடும் ஃப்ளோ சைட்டோமெட்ரி மற்றொன்று. முன்னதைப் பழையது என்றும் பின்னதைப் புதியது என்றும் வரிசைப்படுத்துவது வழக்கம். சாயங்களின் வேதியியலுக்குள் போனால் அந்த வரிசை கலைந்துவிடுகிறது.

1871-இல் அடால்ஃப் ஃபான் பேயர் ஃபுளூரசீன் என்ற சாயத்தைத் தயாரித்தார். அதே மூலக்கூறில் நான்கு புரோமின் அணுக்களை ஏற்றினால் கிடைப்பது இயோசின். புரோமின் ஏறியதும் சாயம் உறிஞ்சும் அலைநீளம் நகர்ந்து நிறம் சிவக்கிறது. ஒளிரும் திறனோ குன்றுகிறது. சிவந்த தங்கை ஸ்லைடுக்குப் போனாள்: 1879-இல் பால் ஏர்லிக் இயோசினோஃபில் என்ற வெள்ளணுவை இனங்கண்டது இந்தச் சாயத்தால்தான். ஒளிரும் அக்காள் எதிர்ப்பொருளோடு சேர்ந்தாள்: 1942-இல் ஹார்வர்டின் ஆல்பர்ட் கூன்ஸ் நிமோனியாக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளில் ஃபுளூரசீனைக் கோத்தார். ஃப்ளோ ஆய்வகங்களில் இன்றும் அன்றாடம் கையாளப்படும் எஃப்.ஐ.டி.சி. அதன் நேர் வாரிசு. அரைநூற்றாண்டுக்கு மேல் பிரிந்திருந்த இரு சாயங்களும் வெள்ளணு என்ற ஒரே இலக்கில் மீண்டும் சந்தித்திருப்பது எனக்குத் தீராத வியப்பு.

உறவு சாயத்தோடு முடிவதில்லை. லெய்ஷ்மன் சாயத்தில் உள்ள அமிலச் சாயமான இயோசின், காரத்தன்மையுள்ள துகள் புரதங்களைத் தேடிப் பற்றுகிறது, சி.டி.19-க்கான எதிர்ப்பொருள், பி செல்லின் மேற்பரப்பில் இருக்கும் அந்த ஒரு புரதத்தைத் தேடிப் பற்றுகிறது. எதனோடு ஒட்டுகிறது என்பதை வைத்தே செல்லை அறிவது இரண்டுக்கும் பொதுவான தர்க்கம். செல்களின் மேற்பரப்பில் குறிப்பிட்ட நஞ்சைப் பற்றும் பக்கச் சங்கிலிகள் இருக்கின்றன, அவையே கழன்று எதிர்ப்பொருளாகின்றன என்று 1897-இல் சொன்னவரும் அதே ஏர்லிக்தான். ஸ்லைடுக்குச் சாயம் தேடிய மனமே எதிர்ப்பொருளின் பற்றுதலையும் கற்பனை செய்தது.

வேறுபாடு கூர்மையாவது லிம்போசைட்டில். ஸ்லைடில் எல்லாச் சிறு லிம்போசைட்டுகளும் ஒன்றுபோலவே தெரியும்: அடர்ந்த உருண்டைக் கரு, அதைச் சுற்றி மெல்லிய நீல விளிம்பு. அது பி செல்லா டி செல்லா, டி செல் என்றால் சி.டி.4 வகையா சி.டி.8 வகையா என்பதை எவ்வளவு தேர்ந்த கண்ணாலும் சொல்ல முடியாது. எச்.ஐ.வி. நோயாளியின் இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்குச் சி.டி.4 செல்கள் 200-க்குக் கீழே சரிந்ததா என்ற கேள்விக்கு முன் ஸ்மியர் ஊமையாகிறது. எண்ணிக்கையிலும் அப்படியே. நூறு செல்களை எண்ணி ஒரு வகை 5 விழுக்காடு என்று எழுதினால், உண்மை 2 முதல் 11 வரை எங்கும் இருக்கலாம். ஃப்ளோ கருவியோ நொடிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணும்.

ஆனால் ஃப்ளோ, கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். குழாயில் எந்த எதிர்ப்பொருளை இட்டோமோ அதன் இலக்கு மட்டுமே ஒளிரும்; இன்று 40-க்கும் மேற்பட்ட நிறங்களைச் சேர்க்க முடிந்தாலும் இது மாறவில்லை. ஸ்மியரிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. லிம்போசைட்டைத் தேடிப் போனவர் சிவப்பணுவுக்குள் மலேரியா ஒட்டுண்ணியைக் காணலாம். வெள்ளணுவின் சைட்டோபிளாசத்தில் ஊசிபோல் கிடக்கும் ஆவர் தண்டுகளையும் காணலாம். அப்படிப்பட்ட தண்டுகள் கட்டுக்கட்டாகத் தெரிந்தால், புரோமைலோசைட்டிக் இரத்தப் புற்றுநோய் என்ற ஐயத்தின்பேரிலேயே, மற்ற முடிவுகளுக்குக் காத்திராமல், ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம் என்ற மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

இரண்டும் தடுமாறும் இடங்களும் ஒத்தவையே. லெய்ஷ்மன் சாயத்துக்கான பஃபர் நீரின் பி.எச். 6.8-இலிருந்து ஏறினால் ஸ்லைடு முழுதும் நீலம் பாய்கிறது. செந்நிறத் துகள்கள் தம் தெளிவை இழக்கின்றன. எஃப்.ஐ.டி.சி.யின் பச்சை ஒளியின் வால், அடுத்த நிறத்துக்கான உணரியில் வழிகிறது. தனித்தனிச் சாயமிட்ட குழாய்களை ஓட்டி அந்த வழிசலைக் கணக்கிட்டுக் கழிக்காவிட்டால், இல்லாத செல்வகை ஒன்று திரையில் முளைக்கும். ஸ்லைடில் நசுங்கிய செல் பெயரில்லாக் கறையாகும். குழாயில் செத்த செல் எல்லா எதிர்ப்பொருளையும் கண்டபடி ஒட்டிக்கொண்டு எல்லாப் பெயருக்கும் உரிமை கோரும். இவற்றில் இரண்டாவதே ஆபத்து மிகுந்தது என்பேன். கறை தன்னைக் கறையென்று காட்டிக்கொள்கிறது. செத்த செல் முறையான புள்ளியாகவே நிற்கிறது. செத்த செல்லைத் தனியே காட்டும் சாயத்தைச் சேர்ப்பது இதனால்தான்.

இதைவிட நுட்பமான ஒற்றுமையும் உண்டு. நிறங்களைப் பார்க்குமுன் ஃப்ளோ வல்லுநர் முதலில் திறப்பது, நேராகச் சிதறிய ஒளிக்கும் பக்கவாட்டில் சிதறிய ஒளிக்குமான படம். முன்னது ஏறத்தாழ அளவைச் சொல்கிறது, பின்னது உள்ளிருக்கும் துகள்களின் செறிவை. லிம்போசைட்டுகள் கீழே, மோனோசைட்டுகள் நடுவே, கிரானுலோசைட்டுகள் மேலே என்று மூன்று புள்ளிக் கூட்டங்கள் பிரியும். அளவும் துகளும்: ஸ்மியரைப் படிப்பவரின் கண் முதலில் எடைபோடுவதும் இவற்றைத்தான்.

ஒன்றுக்கு மற்றொன்று துணைநிற்கும் இடமும் உண்டு. குழந்தைகளின் லிம்போபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோயில் முதற்கட்டச் சிகிச்சை முடிந்ததும் எலும்பு மஜ்ஜை எடுக்கப்படுகிறது. மீண்டெழும் இயல்பான இளம் பி செல்லும் எஞ்சிய புற்றுச் செல்லும் ஸ்லைடில் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கும். ஃப்ளோவோ சி.டி.10, சி.டி.20, சி.டி.34 போன்றவற்றின் ஏற்ற இறக்கத்தை வைத்து, 10,000-க்கு ஒரு புற்றுச் செல்லையும் பிரித்துக் காட்டும். அடுத்த மருந்தின் வீரியம் எஞ்சிய புற்றுச் செல்களின் அந்த எண்ணைப் பொறுத்து மாறும். ஆனால் எடுத்த மஜ்ஜையில் இரத்தம் மிகுதியாகக் கலந்திருந்தால் அந்த எண் பொய்யாகக் குறைந்து தெரியும். ஆகவே ஸ்லைடில் மஜ்ஜைத் துணுக்குகள் தென்படுகின்றனவா என்று பார்த்த பிறகே அந்த 0.01 விழுக்காட்டை நம்பலாம்.