தால்சேர் பாறைகள் எழுப்பிய வினா

பள்ளி அறிவியல் நூலில் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை ஆகிய மூன்றும் ஓர் இயலில் வருகின்றன. புவித்தட்டு நகர்வு வேறோர் இயலில் வருகிறது. முன்னது மனப்பாடத்திற்குரிய வகைப்பாடாகவும் பின்னது முடிந்த முடிபாகவும் மாணவரைச் சென்றடைகின்றன. வரலாற்றிலோ முன்னதே பின்னதற்குச் சான்றாக நின்றது. அச்சான்றுகளுள் முதன்மையான சில இந்திய மண்ணில் கிடைத்தவை.

அவற்றைத் தேடத் தூண்டியது கண்டங்களைப் பற்றிய ஆர்வம் அன்று, நிலக்கரித் தேவை. 1851இல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை கல்கத்தாவில் பணி தொடங்கியபோது, கரிவயல்களை அளந்து வரைவதே அதன் முதற்பணியாக இருந்தது. 1856இல் ஒரிசாவின் தால்சேரை ஆராய்ந்த வில்லியம் பிளான்ஃபோர்டு, அவர் தம்பி ஹென்றி, வில்லியம் தியோபால்டு ஆகியோர் கரிப்படுகைக்குக் கீழே ஒரு புதிரைக் கண்டனர். நுண்ணிய வண்டலுக்குள் பெரும் உருண்டைப் பாறைகள் புதைந்திருந்தன. பாறைகளை உருட்டிவரும் விரைந்த நீரோட்டத்தில் வண்டல் தங்காது. வண்டல் படியும் அமைதியான நீர் பாறைகளைச் சுமக்காது. இரண்டையும் ஒருங்கே செய்யவல்லது பனிக்கட்டி என்று அவர்கள் கருதினர். வெப்பமண்டல ஒரிசாவில் பனிக்கட்டி எவ்வாறு வந்தது? இவ்வினாவுக்கு முழு விடை கிடைக்க ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின.

1872இல் ஹென்றி மெட்லிகாட் இப்படுகைத் தொகுதிக்குக் கோண்டு மக்களின் நாட்டை நினைத்துக் 'கோண்டுவானா' என்று பெயரிட்டார். அதன் அடுக்குகளில் காணப்பட்ட குளோசாப்டெரிஸ் என்னும் நாக்கு வடிவ இலைப் புதைபடிவம் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைத்தது. 1875இல் ஹென்றி பிளான்ஃபோர்டு, இந்தியாவையும் தென்னாப்பிரிக்காவையும் இணைத்த ஒரு பழைய நிலப்பரப்பு இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். 1885இல் ஆஸ்திரிய அறிஞர் எடுவர்டு சூஸ், அத்தகைய பெருநிலத்திற்குக் கோண்டுவானா நிலம் என்று பெயர் சூட்டினார். தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912இல் மாண்ட ஸ்காட் குழுவினரின் உடைமைகளுள் இருந்த பாறைகளிலும் அதே இலை காணப்பட்டது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சூஸ் கண்டங்கள் நகர்ந்ததாகக் கருதவில்லை. இடைப்பட்ட நிலம் கடலுள் மூழ்கியதாகவே கருதினார். 1912இல் கண்ட நகர்வை முன்வைத்த ஆல்ஃபிரட் வேகனர் பயன்படுத்திய சான்றுகளிலும் அதே பனிப்படிவுகளும் இலைகளும் இடம்பெற்றன. சான்று ஒன்று, விளக்கம் இரண்டு. கண்டங்களை நகர்த்தும் விசையை வேகனரால் காட்ட இயலாமையால் அவர் கருத்தைப் பலர் ஏற்கவில்லை.

அடுத்த சான்றைத் தீப்பாறை தந்தது. எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அன்றைய புவிக்காந்தத் திசையைப் பதித்துக்கொள்கின்றன. அப்பதிவின் சாய்வைக் கொண்டு, பாறை உருவான இடத்தின் அகலக்கோட்டைக் கணிக்கலாம். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய தக்காண எரிமலைப் பாறைகளை அளந்த கிளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் ஆகியோர் 1956இல் வெளியிட்ட முடிவுகள், இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேயிருந்து வடக்கு நோக்கி நகர்ந்ததைச் சுட்டின. 1960களில் கடற்தள ஆய்வுகள் புவித்தட்டுக் கொள்கையை நிலைநாட்டின. இமயத்தின் உருமாறிய பாறைகளும் அப்போது தெளிவாகப் பொருள் பெற்றன: இந்தியத் தட்டு ஆசியாவுடன் மோதியபோது ஆழத்திற்கு அமிழ்ந்து, அழுத்தத்திலும் வெப்பத்திலும் மாறி, மீண்டும் மேலெழுந்தவை அவை.

தால்சேரின் வினாவுக்கும் விடை அதுவே. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலம் தென்துருவத்தை ஒட்டிய குளிர்ப்பகுதியில் இருந்தது. பனி ஒரிசாவுக்கு வரவில்லை. பனி சூழ்ந்த நிலமே இங்கு வந்து சேர்ந்தது.

மூவகைப் பாறைகளும் இவ்வாறு ஒரே வழக்கின் மூன்று சாட்சிகள். இவ்வரலாறு வகுப்பறைக்குள் வராதவரை, கொள்கை மட்டும் மாணவர் கையில் தங்கும். அதை ஏன் நம்ப வேண்டும் என்பது தங்காது. இழப்பு அதனோடு முடிவதில்லை. கரி தேடியவர்கள் எடுத்தாண்ட கோண்டு மக்களின் பெயர் இன்று உலகின் நிலவியல் நூல்கள் எங்கும் வழங்குகிறது. அது ஒரு மக்களின் பெயர் என்பதையும் அவ்வகுப்பறையே சொல்ல வேண்டும்.