தோளில் ஏறி வந்த ஏரிக்கரை

காலை ஆறரை மணி. கொடைக்கானல் ஏரியின் மேல் மூடுபனி இன்னும் கலையவில்லை. சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர் இரவெல்லாம் பனியில் நனைந்த சீட்டுகளைத் துணியால் துடைத்துத் துடைத்து வரிசையாக நிறுத்துகிறார். நாலு அடி தள்ளி, கரி அடுப்பின் மேல் சோளக்கதிர் வெடித்துச் சிதறுகிறது. குதிரைக்காரர் ஒருவர் சேணத்தின் வாரை இழுத்துக் கட்டிவிட்டுக் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுக்கிறார். இன்னும் இரண்டு மணி நேரம் போனால் வத்தலக்குண்டு மலைப்பாதையில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். சாப்பிட, வாங்க, விளையாட என்று வருகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஏரியைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர் சாலையிலும் அதையொட்டிய நாலைந்து தெருக்களிலும் கிடைத்துவிடும்.

முதல்முறை வருகிற பலரும் இந்த ஏரி மலையோடு பிறந்தது என்றே நினைக்கிறார்கள். இதற்கு வயது 160-க்குச் சற்று மேல்தான். மதுரை கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863-இல் ஓடையொன்று பாய்ந்த சதுப்பான பள்ளத்தாக்கின் குறுக்கே கரை எழுப்பித் தண்ணீரைத் தேக்கினார். பள்ளம் எப்படியெல்லாம் கிளை பிரிந்ததோ அப்படியெல்லாம் தண்ணீரும் கைநீட்டிப் பரவியது. அதனால்தான் சுமார் 60 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரிக்கு நட்சத்திர வடிவம். லெவிஞ்ச் அதில் மீன் விட்டார். தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்தார். 1867-இல் வேலையை விட்டு விலகி இங்கேயே வீடு கட்டிக்கொண்டு தங்கியும் விட்டார்.

தூத்துக்குடியிலிருந்து படகு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் 1863-இல் கொடைக்கானலுக்கு ஏது சாலை? கடற்கரை ஊரிலிருந்து மலையடிவாரம் வரை மாட்டுவண்டி. அங்கிருந்து ஏழாயிரம் அடி உயரத்துக்கு மனிதர் கால் பதிக்கும் ஒற்றையடிப் பாதை. ஏறியது எதுவானாலும் ஆள் தோளிலோ பொதிமாட்டின் முதுகிலோதான் ஏறியிருக்க வேண்டும். கொடைக்கானலின் கதையை யார் எழுதினாலும் கலெக்டரிடமிருந்தும் பாதிரிமாரிடமிருந்தும் தொடங்குகிறார்கள். அந்தத் தோள்களிலிருந்தும் தொடங்கலாம், அதுவே நியாயம்.

லெவிஞ்சுக்கு முன்பே வெள்ளைக்காரர்கள் இந்த மலைக்கு வந்துவிட்டார்கள். 1821-இல் லெப்டினென்ட் வார்ட் இந்தப் பழனி மலைத்தொடரை அளந்து குறிப்பெழுதினார். மதுரையில் சமயப் பணி செய்த அமெரிக்க மிஷனரிகளின் குடும்பங்களைக் காலராவும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போயின. முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. இன்னும் மேலே தேடி ஏறியவர்கள் 1845-இல் இங்கே இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். ஒன்றின் பெயர் சன்னிசைடு, மற்றது ஷெல்டன். ஊட்டியைப் போல அரசாங்கத்தின் கோடைக்காலத் தலைநகராக வளர்ந்த ஊரல்ல இது. சாவுக்கு அஞ்சிய சில குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்த இடம்.

அவர்களுக்கும் முன்னால் இங்கே மனிதர்கள் இருந்தார்கள். பளியர், புலையர் என்ற மலைமக்கள் இந்தக் காட்டை அறிந்தவர்கள். வில்பட்டி, பூம்பாறை போன்ற ஊர்களில் படிக்கட்டு வயல் விவசாயம் வெகுகாலமாக உண்டு. தாண்டிக்குடிப் பக்கம் போனால் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகளையே பார்க்கலாம்.

பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தாக மேலேறிய பாதைக்குப் பெயரே ‘கூலி காட்’ என்று நிலைத்துவிட்டது. கிட்டத்தட்ட 12 மைல். துரைமாரையும் துரைசாணிகளையும் குழந்தைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் உட்காரவைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தார்கள் கூலியாட்கள். அரிசி மூட்டையும் சன்னல் கண்ணாடியும் இரும்புக் கட்டிலும் அப்படியே போயின. 1875-இல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. இன்று நாம் கொடைரோடு என்கிற நிலையம் அதுதான். ரயில் வந்தும் மலைப்பாதை மாறவில்லை. மேஜர் லா என்பவர் வகுத்த தடத்தில் சாலை போட்டு முடிக்க 1914 ஆயிற்று. பொதுப் போக்குவரத்துக்கு அது திறந்தது 1916-இல். ஏரி வெட்டியதிலிருந்து கணக்கிட்டால் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த ஊர் முழுவதையும் தோள்களே சுமந்தன. சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

விளையாட்டுக்கான இடங்கள் ஒவ்வொன்றாக இந்தக் காலத்தில்தான் உருவாயின. 1872-இல் லெப்டினென்ட் கோக்கர் மலை விளிம்பை ஒட்டி ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதை அமைத்தார். அதுவே இன்றைய கோக்கர்ஸ் வாக். 1890-இல் படகுக் குழாம் தொடங்கியது. 1895-இல் கோல்ஃப் மைதானம் வந்தது. வனத்துறை அதிகாரி பிரையன்ட் 1906-இல் பைன் மரங்களை நட்டார். 1908-இல் ஏரியின் கிழக்குப் பக்கத்தில் இருபது ஏக்கர் பூங்காவுக்குத் திட்டம் வகுத்தார். எல்லாம் அழகானவை. எல்லாம் ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் உரியவையாக இருந்தன. ஏரியில் பொதுமக்கள் படகு விட அனுமதி கிடைத்தது 1932 மே மாதத்தில்தான். தண்ணீர் தேங்கி 69 ஆண்டுகள் கழித்து!

இன்றைக்கு மே மாதத்தில் பிரையன்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும் நடக்கும்போது, திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்துப் பாட்டி பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டேலியாப் பூவைத் தொட்டுப் பார்க்கிறாள். மிதிபடகில் புதுமணத் தம்பதி திசை தெரியாமல் வட்டமடிக்கிறார்கள். கொடைக்கானலின் வரலாற்றில் சிறந்த பகுதி எது என்று கேட்டால் இந்தக் காட்சியைத்தான் காட்ட வேண்டும்.

விளையாட்டு என்றால் உடம்புக்கு மட்டுமா? பார்ப்பதும் ஒரு விளையாட்டுத்தான். ஏரிக்கு மேற்கே உள்ள சூரிய ஆய்வுக்கூடம் 1901-இல் இயங்கத் தொடங்கியது. 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டறிந்தார். உலகமெங்கும் வானியல் மாணவர்கள் அதை எவர்ஷெட் விளைவு என்று படிக்கிறார்கள். ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டரில் குறிஞ்சி ஆண்டவர் கோயில். ஈழத்துத் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி, வெள்ளைக்காரக் குடும்பத்தில் பிறந்து இந்துவானவர், 1936-இல் இதைக் கட்டினார். கோயில் வாசலில் நின்றால் வானம் தெளிந்த நாளில் பழனி மலை தெரியும். குறிஞ்சி பூக்கும் ஆண்டில் வந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கடைசியாக 2018-இல் பூத்தது. 12 ஆண்டுக் கணக்குப்படி அடுத்து 2030.

சாப்பாட்டுக்கு வருவோம். குளிர் ஊரில் பசி சீக்கிரம் எடுக்கும். ஏரிக்கரைத் தள்ளுவண்டிகளில் மிளகாய் பஜ்ஜி, பிரெட் ஆம்லெட், வேகவைத்த கடலை, கிளாஸ் முழுக்க இஞ்சி டீ. சுட்ட சோளத்தின் மேல் எலுமிச்சை மூடியை உப்பு மிளகாய்ப்பொடியில் தொட்டு அழுத்தித் தேய்ப்பார்கள். சூடு கையைச் சுடும், காரம் உதட்டைச் சுடும், மூக்கு நுனி மட்டும் ஜில்லென்று இருக்கும். ஏழு ரோட்டுச் சந்திப்பிலிருந்து பி.டி. சாலைக்குள் நடந்தால் சுவை வேறாகிவிடும். 1901-இல் மிஷனரிப் பிள்ளைகளுக்காக ஹைகிளெர்க் என்ற பெயரில் தொடங்கிய பள்ளி, இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி, ஏரியின் ஓரத்திலேயே இருக்கிறது. அந்தச் சமூகத்தின் நாக்குக்காக உருவான ரொட்டியும் ஜாமும் சீஸும் கடலை வெண்ணெயும் நாளடைவில் ஊரின் சொத்தாகிவிட்டன. இதே தெருவில் திபெத்தியர்களின் சிறு உணவகங்களும் உண்டு. 1959-க்குப் பிறகு நாடிழந்து இந்தியாவுக்கு வந்த மக்கள் அவர்கள். கொடைக்கானலில் ஸ்வெட்டர் விற்றும் மோமோ அவித்தும் பிழைக்கிறார்கள். பங்களா கட்டிய அமெரிக்கர் சாவுக்குப் பயந்து ஏறினார். மோமோ விற்கிறவர் தன் மலைநாட்டை இழந்து வந்து சேர்ந்தார். இருவருக்கும் இந்த மலை இடம் கொடுத்திருக்கிறது.

வாங்குவதில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். கடைக்குக் கடை அடுக்கியிருக்கும் ‘ஹோம்மேட்’ சாக்லேட் வீடுகளிலும் சிறு கூடங்களிலும் செய்வதுதான். அது பல பெண்களுக்கு வருமானம் தரும் கைத்தொழில். ஆனால் கோகோ மரம் இந்தக் குளிரில் வளராது. மூலப்பொருள் கீழேயிருந்து வருகிறது. மலையின் சொந்த விளைச்சலை வாங்க ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போக வேண்டும்.

விடியுமுன்பே மேல்மலைக் கிராமங்களிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கும். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. பருவத்துக்குப் பருவம் பிளம்ஸ், பேரிக்காய், பட்டர் ஃப்ரூட். இவற்றில் பலவும் வெள்ளைக்காரர் காலத்தில் வந்து வேர் பிடித்த செடிகள். இன்று இவற்றின் பக்குவம் தெரிந்தவர்கள் நம் விவசாயிகள். நடுவே, தாளோடு முடிந்த கொத்துக் கொத்தாக மலைப்பூண்டு. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, வில்பட்டி என்று மேல்மலை ஊர்களில் விளைவது. அறுத்த பூண்டை வீட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டு அடுப்புப் புகையிலேயே பதப்படுத்துவார்கள். ஒரு கொத்தை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் வருவது புகைவாசம். பிறகுதான் பூண்டின் காட்டம். தோலை உரித்த விரலில் அந்த மணம் மறுநாள் வரை போகாது. 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே ஆண்டில்தான் கிடைத்தது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு உயிர் கொடுக்கும் விருப்பாச்சி வாழையும் இதே மலைத்தொடரின் கீழ்ச்சரிவுகளில் விளைவதுதான். சாக்லேட் டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியைப் பூண்டுக்காரரிடம் கொடுத்தால் பூம்பாறையில் ஒரு படிக்கட்டு வயல் தரிசாகாமல் இருக்கும்.

ஏரிக்கு வந்த தீங்கையும் சொல்லியாக வேண்டும். ஊருக்குள் இயங்கிய ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, 2001-இல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மக்கள் திரண்டு போராடினார்கள். ஆலை அந்த ஆண்டே மூடப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் ஏரியின் மீனிலும் வண்டலிலும் பாதரசத்தைக் கண்டன. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் பதினைந்து ஆண்டுகள்.

வண்டிகளின் நெரிசலும் அளவு மீறிப் போனதால், உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தது. இதைத் தொல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள், ஏரி நிரம்பி எங்கே வழிகிறது என்று ஒருமுறை பார்க்கட்டும். மலைப்பாதையில் ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால், எல்லாரும் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் வெள்ளி அருவி ஏரியின் உபரி நீர்தான். 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஏரியில் நாம் போடுவதெல்லாம் அந்த வழியாகத்தான் கீழே இறங்கும்.

அடுத்த முறை போகிறவர்கள் சனிக்கிழமை இரவு தங்குங்கள். ஞாயிறு விடியலில் ஏரியை ஒரு சுற்று நடந்துவிட்டு நேரே சந்தைக்கு வாருங்கள். கையில் துணிப்பை இருக்கட்டும். பூண்டு விற்கிற அம்மாவிடம் பேரம் பேசாதீர்கள். மூட்டையோடு விடியுமுன்பே மேல்மலையிலிருந்து கிளம்பி வந்தவர் அவர்.