சம ஆசனம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1920களின் இறுதியில் எழுந்த பள்ளிச் சமத்துவக் கோரிக்கை. அரசு நன்கொடை பெற்ற பாடசாலைகளிற்கூட ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர முடியவில்லை. தரையில் இருந்தே படித்தனர். பல பள்ளிகள் அவர்களைச் சேர்க்கவேயில்லை. 1927இல் தோன்றிய ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கம் இதை எதிர்த்தது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசும், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் முன்னிற்க, சாதி ஒழிப்பை வலியுறுத்தியது. 1930ஆம் ஆண்டளவில் கல்வித் திணைக்களம் சம ஆசனத்தைக் கட்டாயமாக்கியது. ஆதிக்கச் சாதியினர் மனுக் கொடுத்தனர், பிள்ளைகளை மறித்தனர், சில பள்ளிகளுக்குத் தீயும் வைத்தனர். கல்விக்குப் பெயர்பெற்ற மண்ணுக்கு இது பெரும் களங்கம். வாங்கு கிடைத்த இடங்களிலும் சேர்ந்துண்ணும் உரிமை எளிதில் வரவில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னரும் பாகுபாடு பல ஊர்களில் தொடர்ந்தது.