ஆட்டுத்தோலில் பிறந்த அசைபடம்

நாஞ்சில் நாட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் அசைபடம் சினிமாக் கொட்டகைக்கு முன்பே வந்துவிட்டது. அதுதான் தோல்பாவைக் கூத்து. வரைந்த உருவம், அதை அசைக்கும் கை, குரல் கொடுக்கும் ஆள், பின்னணி இசை, வெள்ளைத் திரை என்று இன்றைய அனிமேஷன் படத்துக்கு வேண்டிய அத்தனையும் அதில் உண்டு.

ஒரு பாவையின் பிறப்பு ஆட்டுத்தோலில் தொடங்குகிறது. தோலை நீரில் ஊறவைத்து, மயிர் போகச் சுரண்டி, இழுத்துக் கட்டி உலர்த்துவார்கள். வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு அது மெலிய வேண்டும். பிறகு உருவம் வரைந்து, நகையும் உடை மடிப்பும் வரும் இடமெல்லாம் சிற்றுளியால் துளையிட்டுச் சாயம் தீட்டுவார்கள். நடுவில் பிளந்த மூங்கில் குச்சியைச் செருகிக் கட்டினால் பாவை நிமிர்ந்து நிற்கும். கை தனியே அசைய வேண்டுமென்றால் மூட்டில் நூல் முடிச்சு விழும். பின்னால் விளக்கு வைத்ததும் திரையில் தெரிவது வெறும் கறுப்பு நிழலல்ல. சிவப்பும் பச்சையுமாக வண்ணப்படம்.

இந்தப் பாவைகளைச் சுமந்து வந்தவர்கள் கணிகர்கள். தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 1676-ஐ ஒட்டித் தொடங்கியது. அந்தக் காலத்தில் தமிழகம் வந்து, பிறகு தெற்கே நகர்ந்தவர்கள் இவர்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் வரலாறு. வீட்டில் மராத்தி பேசும் இவர்கள் திரைக்குப் பின்னால் அமர்ந்தால் வாயில் வருவது நல்ல தமிழ். நாகர்கோவிலைச் சேர்ந்த அ.கா. பெருமாள் இவர்களின் கலையைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கியிருக்கிறார்.

பாலக்காட்டுப் பக்கம் பாவைக்கூத்து பகவதி கோயில் கூத்துமாடத்தில் அம்மனுக்காக நடக்கிறது. எதிரே ஆளில்லாவிட்டாலும் நடக்கும். நாஞ்சில் நாட்டில் அது ஊர் சனத்தை நம்பி நடந்த கலை. கூடாரம் அடித்து, இராமாயணத்தைப் பல இரவுகளுக்குப் பகுத்து ஆடுவார்கள். நல்லதங்காள் கதையும் அரிச்சந்திரன் கதையும் உண்டு. இராமனுக்கும் இராவணனுக்கும் சீதைக்கும் ஒரே ஆளே குரல் மாற்றிப் பேசுவார். பக்கத்தில் குடும்பத்தார் ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசிப்பார்கள். பிள்ளைகள் காத்திருப்பதோ உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிப் பாவைகளுக்கு. ஊர்ப் பேச்சிலேயே சண்டை போடும் இந்த இருவரும் வந்துவிட்டால் தாத்தாவும் பேரனும் ஒன்றாகச் சிரிப்பார்கள்.

ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் 1926-இல் வெளியிட்ட ‘இளவரசர் அகமதின் சாகசங்கள்’தான் இன்று எஞ்சியிருக்கும் முழுநீள அசைபடங்களில் பழமையானது. கறுப்பு அட்டையை வெட்டி, மூட்டு வைத்து, கீழிருந்து ஒளி பாய்ச்சிச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்தார் அவர். நிழற்பாவைதான் அந்தப் படத்துக்கும் வேர்.

எண்ணெய் விளக்கிலிருந்து பெட்ரோமாக்ஸுக்கும், அங்கிருந்து மின்விளக்குக்கும் மாறி நின்ற பாவை, வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தபோது தளர்ந்தது. கூடாரங்கள் குறைந்தன, கலைஞர் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனார்கள்.

இன்னமும் ஆடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கோயில் கொடைக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் அவர்களை அழையுங்கள். கலைக்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். தமிழில் அனிமேஷன் படமெடுக்க நினைக்கும் இளைஞர்கள் ஒரு முறையாவது அந்தத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நாளைய பிள்ளைகளையும் சிரிக்க வைக்கக்கூடியவர்கள், அவர்களைப் படமாக்குங்கள்.