பறவை நோக்கலுக்கு பைனாகுலர் தேர்வு: உருப்பெருக்க எண்ணை மட்டும் நம்பி வாங்கலாமா?

திருச்சானூர்: வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் முதல் வலசைப் பறவைகள் திரும்பிச் செல்லும் மார்ச் வரையிலான மாதங்கள், திருப்பதி வட்டாரத்தில் பறவை நோக்குவோருக்கு உகந்த காலமாகும். சேஷாசலம் மலையின் பாறைச் சரிவுகள், திருச்சானூரை ஒட்டிய சுவர்ணமுகி ஆற்றங்கரை, கிழக்கே நேலப்பட்டு சரணாலயம், கடலோரப் புலிகாட் ஏரி என ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்ட வாழிடங்கள் ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் அமைந்துள்ளன. இவற்றைக் காண முதன்முறையாக பைனாகுலர் வாங்க முற்படுவோர் பெரும்பாலும் தடுமாறுவது ஓர் எண்ணில்தான்.

ஒவ்வொரு பைனாகுலரின் மீதும் 8x42, 10x50 என்பன போன்ற இரு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண், முன்புற வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். முதல் எண் பெரிதாக இருந்தால் பறவை தெளிவாகத் தெரியும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில், உருப்பெருக்கம் கூடும்போது கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகுகிறது, பார்வைப் புலம் சுருங்குகிறது, காட்சி மங்குகிறது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8x42 கருவியில் இது 5.25 மி.மீ.; 10x42 கருவியில் 4.2 மி.மீ.; 20x50 கருவியிலோ 2.5 மி.மீ. மட்டுமே. விடியற்காலை அரையிருளில் மனிதக் கண்ணின் பாவை 5 மி.மீ. அல்லது அதற்கும் மேலாக விரியக்கூடும் என்பதால், பறவைகள் சுறுசுறுப்பாக இயங்கும் அந்நேரத்தில் 20 மடங்கு கருவி இருண்ட காட்சியையே தரும். முதுமையில் பாவை அவ்வளவு விரிவதில்லை. எனவே மூத்தோருக்கு 8x32 போன்ற எடை குறைந்த கருவியால் பெரிய இழப்பு ஏதுமில்லை.

இணைய விற்பனையில் சில நூறு ரூபாய் முதல் கிடைக்கும், "30x60" என்று பொறிக்கப்பட்ட கையடக்கக் கருவிகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. முன்வில்லையின் குறுக்கே பள்ளி மாணவரின் அளவுகோலை வைத்தாலே உண்மை வெளிப்பட்டுவிடும். 60 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் அதில் பாதிகூடப் பல கருவிகளில் இருப்பதில்லை. வில்லையின் மேல் பளபளக்கும் சிவப்புப் பூச்சும் தரத்தின் அடையாளம் அன்று. இத்தகைய கருவியை வாங்கியவர், மங்கலான காட்சியைக் கண்டு, பறவை நோக்கலே தமக்கு ஒத்துவராது என்று கைவிட்டுவிடுவதே பண இழப்பைவிடப் பெரிய இழப்பாகும்.

எந்தக் கருவி என்பதைத் தீர்மானிப்பது, அது பயன்படுத்தப்படும் இடம். ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்கு உட்பட்ட தலக்கோனா போன்ற பகுதிகளில் பறவை ஆர்வலர்கள் முதலில் தேடுவது மஞ்சள் தொண்டைச் சின்னானை. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழும் இப்பறவை, அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. சுமார் 20 செ.மீ. நீளமே கொண்ட இப்பறவை, பாறை இடுக்கிலுள்ள புதரிலிருந்து வெளிப்பட்டு நொடிப்பொழுதில் மறைந்துவிடும். அதே புதர்க்காட்டில் வெண்புருவச் சின்னானும் உண்டு. தலையும் தொண்டையும் பளிச்சென்ற மஞ்சளா, அல்லது வெளிறிய தொண்டைக்கு மேல் வெள்ளைப் புருவமா என்பதைக் கணநேரத்தில் கண்டறிய வேண்டும். இதற்குத் தேவை அகன்ற பார்வைப் புலமும் நிறம் மாறாத வில்லையும்தான். பார்வைப் புலம் ஒரு பாகை கூடினால், 1,000 மீட்டர் தொலைவில் சுமார் 17.5 மீட்டர் அகலம் கூடுதலாகத் தெரியும். எட்டு மடங்குக் கருவியில் 7 பாகைக்கு மேல் இருப்பது நன்று. மலைப்பாதையில் கழுத்தில் தொங்கவிட்டு ஏறுவோருக்கு எடையும் ஒரு கணக்கு. 8x42 கருவிகள் பெரும்பாலும் 600 முதல் 750 கிராம் வரை இருக்கும். முதல் மணி நேரத்தில் தெரியாத இந்த எடை, மூன்றாவது மணி நேரத்தில் தெரியும்.

புலிகாட்டின் நிலை வேறு. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலான இங்கு, பூநாரைக் கூட்டங்கள் கரையிலிருந்து வெகு தொலைவில், மறைப்பு ஏதுமற்ற ஆழமில்லா நீரில் மேய்கின்றன. இங்கே 10 மடங்கு உருப்பெருக்கம் பயன் தரும். ஆயினும் காலை ஒன்பது மணிக்கு மேல் சேற்றுப்பரப்பிலிருந்து எழும் வெப்பக் காற்று காட்சியை நெளியச் செய்வதால், அதற்குப் பின் எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் அதிகம் உதவ இயலாது. சீக்கிரம் செல்வதே வழி. மலைக்கும் காயலுக்கும் ஒரே கருவிதான் வாங்க இயலும் என்றால் 8x42 பொருத்தமானது. உருப்பெருக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஜூம் வகைக் கருவிகளைத் தவிர்க்கலாம். அவற்றில் பார்வைப் புலம் குறுகலாகவும் காட்சி மங்கலாகவும் இருப்பது வழக்கம்.

மூக்குக்கண்ணாடி அணிவோர் விவரக் குறிப்பில் முதலில் பார்க்க வேண்டியது, கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே அனுமதிக்கப்படும் தொலைவு ஆகும். இது 16 மி.மீ.க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். கடையில் கண்ணாடியைக் கழற்றாமல், கண்வில்லையின் ரப்பர் வளையத்தைக் கீழிறக்கிப் பார்க்கும்போது, விளிம்பில் கருநிழல் இன்றி முழு வட்டமும் தெரிய வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் இணையத்தில் வாங்கிவிட்டு வருந்துவோர் பலர்.

பட்டகங்களின் அமைப்பில் இரு வகை உண்டு. நேர்க்குழாய் வடிவிலான ரூஃப் வகை கச்சிதமானது. தோள் புடைத்த போரோ வகை பருமனானது எனினும், குறைந்த விலையில் பெரும்பாலும் அதுவே தெளிவான காட்சியைத் தருகிறது. ரூஃப் வகையில் 'பேஸ் கோட்டிங்' எனப்படும் பூச்சு உள்ளதா எனக் கேட்டறிய வேண்டும். வலசைக் காலமும் பருவமழைக் காலமும் இங்கு ஒன்றாகவே வருவதால், நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்ட, நீர் புகாத கருவிக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது வீண் அன்று.

நல்ல கருவி பறவைக்கும் பாதுகாப்பு. நேலப்பட்டில் புள்ளி அலகுக் கூழைக்கடாக்கள் நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூட்டமாகக் கூடமைக்கின்றன. மனிதர் நெருங்கும்போது தாய்ப்பறவை எழுந்து பறந்தால், முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலுக்கும் காகங்களுக்கும் இலக்காகின்றன. கருவியின் திறன் போதாதவர்தான் கைப்பேசியுடன் மேலும் பத்தடி முன்னே செல்லத் துணிகிறார்.

கருவியால் மட்டும் எல்லாம் ஆகிவிடுவதில்லை என்பதற்கும் இப்பகுதியிலேயே சான்று உண்டு. 1900ஆம் ஆண்டுக்குப் பின் எவர் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஜெர்டான் கோர்சர், 1986 ஜனவரியில் அண்டை மாவட்டமான கடப்பாவில் மீண்டும் கண்டறியப்பட்டது. தெலுங்கில் 'கலிவி கோடி' எனப்படும் இப்பறவை இரவில் நடமாடுவது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் மேற்கொண்ட தேடலில், உள்ளூரில் பறவை பிடிப்பவர் ஒருவரே அதைக் கண்டுபிடித்தார்.

வாங்கிய பின் ஒரு முறை செய்ய வேண்டிய சரிசெய்தல் உண்டு. வலது முன்வில்லையை மூடி, நடுச் சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பின்னர் இடது வில்லையை மூடி, வலது கண்வில்லையிலுள்ள வளையத்தை மட்டும் திருகி அதே பொருளைத் தெளிவாக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல், கருவி தலைவலி தருகிறது என்று குறை கூறுகின்றனர். மழைக்காலத்தில் நனைந்த தோலுறையில் வைத்து மூடினால் வில்லையில் பூஞ்சை படரும் என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைப்பது நலம்.