எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமை

எக்ஸ்ஃபேட் என்பது பென் டிரைவ், மெமரி கார்டு போன்றவற்றுக்காக மைக்ரோசாஃப்ட் 2006இல் அறிமுகப்படுத்திய, ஃபேட் குடும்பத்தைச் சேர்ந்த கோப்பு முறைமை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பொதுவான வெளிப்புற வட்டுக்கு இதுவே பொருத்தமானது. ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையிலுள்ள வட்டை மேக் இயல்பாகப் படிக்க மட்டுமே செய்யும். எக்ஸ்ஃபேட்டின் தொழில்நுட்ப விவரங்களை மைக்ரோசாஃப்ட் 2019இல் வெளியிட்டதையடுத்து லினக்ஸ் கெர்னலிலும் அது இடம்பெற்றது.

மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலிங் இதில் இல்லாததால், எழுதும்போது இணைப்பு அறுந்தால் கோப்புகள் சிதையலாம் என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் ஜர்னலிங் பெரும்பாலும் முறைமையின் கட்டமைப்பையே காக்கிறது. எழுதி முடியாத தரவை மீட்பதில்லை. ஆகவே முறையாக விடுவித்தபின் கழற்றுவதும் மறுபிரதி வைப்பதும் எம்முறையிலும் இன்றியமையாதவை. ஒரே இயங்குதளத்தில் மட்டும் பயன்படும் வட்டுக்கு அதன் சொந்த முறைமையே சிறந்தது.